ஆறு வாரத்து வெள்ளை பெல்ட்

லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடையொன்றில் ஜெனவீவ் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். எந்த மோட்டாருக்கு எந்தச் சங்கிலி, எந்த பிரேக் கட்டை என்று புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லிவிடுவாள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பு கிள்ளானில் எட்டு வருடம் ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தக் கலை பழகியவள், தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆண்களைத் தரையில் மடக்கிப் போட்டவள் என்பது அவள் கணவன் கிளெனைத் தவிர அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மகள் ஷெரில் வயிற்றில் வந்தபோது விட்டது. பிறகு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள், கிளெனுக்குப் போர்ட்டிக்சனில் வேலை கிடைத்தது, லுக்குட்டுக்கு வீடு மாறினார்கள். ஆறு வருடம் போனதே தெரியவில்லை. ஒருநாள் கிளென் மினிமார்க்கெட் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினான். எட்டாங்கட்டைத் தோட்டத்து மண்டபத்தில் ஜியு-ஜிட்சு வகுப்பு. செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணி, சனிக்கிழமை காலை எட்டு மணி. கீழே புனிதன் என்று ஒரு பேரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் பாரேன் என்றான் கிளென். அவள் இரண்டு வாரம் யோசித்துவிட்டுப் புனிதனுக்குச் செய்தி அனுப்பினாள். இதற்கு முன் செய்திருக்கிறீர்களா என்று அவன் கேட்டதற்கு, கொஞ்சம் என்று பதில் போட்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை செம்பனைக் காட்டுப் பாதையில் காரை ஓட்டிக்கொண்டு போய் மண்டபத்து வாசலில் நிறுத்தியவள், உடனே இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பையில் இரண்டு பெல்ட்டுகள் கிடந்தன. ஒன்று கிள்ளானில் வாங்கிய ஊதா பெல்ட், ஓரமெல்லாம் நைந்து போனது. இன்னொன்று புது உடுப்போடு சேர்ந்து வந்த வெள்ளை பெல்ட். இந்த விளையாட்டில் முதலில் வெள்ளை, அப்புறம் நீலம், அதற்கப்புறம்தான் ஊதா. ஊதாவுக்கு வந்து சேர ஆறேழு வருடமாவது ஆகும். ஊதா கட்டிய ஒருவர் புது இடத்துக்கு வந்தால் அங்கிருக்கும் எல்லாருமே அவரோடு ஒரு கை பார்க்க ஆசைப்படுவார்கள். ஜெனவீவ் இப்போது முன்பைவிடப் பதினான்கு கிலோ கூடியிருந்தாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பெல்ட்டைப் பார்த்துவிட்டு அப்படியே தன் வயிற்றைப் பார்க்கப் போகிற கண்களை அவள் நினைத்துப் பார்த்தாள். வெள்ளையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஊதாவை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினாள்.

பாதி மண்டபத்தில் நீல மெத்தைகள் விரித்திருந்தன. மேடைமேல் விருந்துப் பாத்திரங்களை அடுக்கித் துணி போட்டு மூடியிருந்தார்கள். பதினோரு ஆண்கள், ஒரே ஒரு பெண். கிள்ளானில் பழகியபடி ஜெனவீவ் மெத்தையின் ஓரத்தில் நின்று குனிந்து வணங்கினாள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இங்கே அந்த வழக்கம் கிடையாது. வருகிறவர் ஒவ்வொருவரின் கையையும் தொட்டு சலாம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது தெரியாமல் அவள் நேராகப் போய்ச் சுவரோரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். அது லோரி ஓட்டும் சந்திரனின் இடம் என்பது, அந்தப் பெரிய மனிதர் வந்து எதிரில் நின்று தலையைச் சொறிந்தபோதுதான் புரிந்தது.

ஜோடி சேருங்கள் என்று புனிதன் சொன்னதும் ஆண்கள் மளமளவென்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். அந்த ஒரே பெண் மட்டும் மெத்தையின் அந்தக் கோடியிலிருந்து குறுக்கே நடந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நான் ரதி. பயப்படாதீங்கக்கா, நான் மெதுவா காட்டுறேன்."

ரதிக்கு முப்பத்தொரு வயது. அந்தத் தோட்டத்து எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எண்ணெயின் தரம் பார்க்கும் வேலை. அம்மா தாயம்மாவோடு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் குடியிருந்தாள். மண்டபத்துச் சாவியும் அவளிடம்தான். வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் வேறு பெண் யாரும் வரவில்லை.

"ஆம்பளைங்க ஒண்ணு என்னய முட்டைய மாதிரி புடிப்பாங்க, இல்லன்னா மேல ஏறி படுத்துக்குவாங்க. ரெண்டுலயும் ஒண்ணும் படிக்க முடியாதுலா," என்றாள்.

அன்று ரதி அவளுக்கு விழக் கற்றுக்கொடுத்தாள். காலரை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்படி நகர்த்துவது, வலி வருவதற்கு முன்பே எதிராளியை இரண்டு தட்டு தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதி சரியாக இருந்தது, பாதி சரியில்லை. ஜெனவீவ் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஐந்து நிமிடம் உண்மையாகப் பிடித்துப் பார்க்கும் நேரம் வந்தது. ரதி காலரை இழுத்துக் கழுத்தை நெருக்கினாள். பிடி தளர்வாகத்தான் இருந்தது. அதிலிருந்து வெளியே வர ஜெனவீவுக்கு மூன்று வழி தெரியும். ஆனாலும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, சும்மா விடுவோமே என்று இரண்டு தட்டு தட்டினாள்.

ரதி சட்டென்று விலகி முழங்காலில் உட்கார்ந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

"நெஜமாவா தட்டுனீங்க? ஒரு வருஷத்துல எங்கிட்ட யாருமே தட்டுனது இல்லக்கா. நீங்கதான் மொத ஆளு."

அந்த வார்த்தைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல ஜெனவீவுக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது வகுப்பிலேயே புனிதன் கண்டுபிடித்துவிட்டான். அவன் பகலில் மின்சார வேலை பார்ப்பவன், அதிகம் பேச மாட்டான், ஊதாவுக்கும் மேலான பழுப்பு பெல்ட். வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, புது ஆள் யாரும் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள மாட்டார்கள், யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டான். அவள் மறைக்கவில்லை. கிள்ளான், எட்டு வருடம், ஊதா என்றாள். தையல் போட்ட வயிறு, ஆறு வருட இடைவெளி, ஒரு மாதம் கொடுங்கள், உடம்பு பழையபடி வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். ஒரு மாதம்தான் என்றான்.

அந்த ஒரு மாதத்தில் ஜெனவீவ் அந்த இடத்துக்குப் பழகிவிட்டாள். யார் கையை முதலில் தொட வேண்டும், ஈரத்துணியால் மெத்தை துடைக்கும் முறை யாருக்கு எந்த நாள் என்றெல்லாம் தெரிந்துகொண்டாள். சனிக்கிழமை முறை அவளுக்கும் ரதிக்கும். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் தோட்டத்து முனையில் இருக்கும் கடைக்குப் போய் ரொட்டி சானாயும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேயும் சாப்பிடுவார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். சந்திரன் தன் நூற்றுப்பத்து கிலோவையும் கையால் தாங்கிக்கொண்டு அவளோடு பழகினார். மூச்சை அடக்காதேம்மா, விடு, விடு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். யாரும் அவளைச் சோதிக்கவில்லை. ஊதா கட்டியிருந்தால் இப்படி இருந்திருக்குமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இருந்திருக்காது என்றுதான் தோன்றியது.

ரதிதான் எல்லாவற்றுக்கும் மேல். தன்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் வீட்டிலிருந்து வடை கொண்டுவந்தாள், கடைக்கு வந்து ஷெரிலுக்குக் கலர் பென்சில் கொடுத்தாள். வாரத்துக்கு ஒருமுறை இருமுறை ஜெனவீவ் தட்டினாள். சில நாள் உடம்பு ஓய்ந்து தட்டினாள், பல நாள் ரதியின் முகத்துக்காகத் தட்டினாள். நேர்மாறாக, ரதியை அவள் ஒருமுறைகூடத் தட்ட வைக்கவில்லை. பிடி சரியாக விழும் நேரத்தில் கையைத் தளர்த்திவிடுவாள்.

மாதம் முடிகிற நேரத்தில் புனிதனை வேலைக்காக ஜொகூருக்கு இரண்டு வாரம் அனுப்பிவிட்டார்கள். சந்திரனும் ஒரு நீல பெல்ட்டுக்காரரும் வகுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கேட்க ஆள் இல்லாததால் ஜெனவீவும் வாய் திறக்கவில்லை. அவளுடைய மூச்சு திரும்பியிருந்தது, நான்கு கிலோ குறைந்திருந்தது. இன்னொரு வாரம், இன்னொரு வாரம் என்று தள்ளிப்போட்டாள்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இருவரும் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரதி தன் கைப்பேசியைக் காட்டினாள். சிரம்பானில் போட்டி. பெண்கள் வெள்ளை பெல்ட் பிரிவு. இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"பேர் குடுக்கப் போறேன்க்கா. ஒரு வருஷமா தைரியம் வரல. ஆனா நீங்க என்னவிட எவ்வளோ பலசாலி, ஒங்களயே பதினோரு தடவ தட்ட வெச்சிருக்கேனே. அப்ப எனக்கு வருதுதானே? ஒங்க பேரையும் சேத்துப் போடுறேன். ரெண்டு பேரும் போவோம்."

ஜெனவீவ் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். வாளியில் தண்ணீர் சொட்டி முடிந்த பிறகும் பிழிந்தாள். ரதி போட்டியில் போய் நிற்பதும், எதிரே வருகிறவள் கையைத் தளர்த்தாமல் பிடிப்பதும் அவள் கண்முன் வந்தது. இனியும் தள்ளிப்போட இடமில்லை என்று தெரிந்தது.

"நான் வெள்ளப் பிரிவுல எறங்க முடியாது ரதி. நான் ஊதா. கிள்ளான்ல எட்டு வருஷம் செஞ்சேன்."

ரதி முதலில் சிரித்தாள். ஜெனவீவ் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கைப்பேசியின் வெளிச்சம் அணைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோச் புனிதனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் ஜெனவீவ். ரதி ஈரத்துணியை எடுத்தாள். மீதி இருந்த மெத்தையைத் துடைத்து முடித்தாள், வாளியைக் கவிழ்த்தாள், ஜெனவீவ் வெளியே வருகிறவரை காத்திருந்து கதவைப் பூட்டினாள். லயத்துப் பக்கம் நடந்து போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புனிதன் திரும்பியிருந்தான். ஜெனவீவ் ஊதா பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ரதி வரவில்லை, சாவியை மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். புனிதன் எல்லாரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னான். தனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது தன் தப்பும்தான் என்றான். ஜோடி சேரச் சொன்னபோது முதல் நாள் மாதிரியே எல்லாரும் மளமளவென்று பிரிந்தார்கள். ஒரு வித்தியாசம், இந்த முறை யாரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துவிட்டேதான் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று சந்திரன் மட்டும் அவளிடம் வந்தார். பழகுவதற்கு இல்லை, பேசுவதற்கு.

"ஆறு வாரமா ஒனக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுத்தேன். நீ உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பல்ல."

"சத்தியமா சிரிக்கலண்ணே. நீங்க சொன்னது எனக்கு வேண்டியிருந்துச்சு."

அவர் நம்பினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவரும் மற்றவர்களும் முறை வந்தால் அவளோடு பிடித்தார்கள், முழு பலத்தோடு பிடித்தார்கள். அவள் எதைப் பார்த்துப் பயந்து வெள்ளை கட்டினாளோ அது இப்போது முழுதாக வந்தது. சிலரை மடக்கினாள், சிலரிடம் தட்டினாள். வீட்டுக்கு வரும்போது விலா எலும்பெல்லாம் வலிக்கும். ஆனால் அந்த வலியை அவளால் தாங்க முடிந்தது. வகுப்பு முடிந்ததும் ரொட்டிக் கடைக்கு யாரும் கூப்பிடாமல் போனதுதான் அதைவிடப் பெரிதாக இருந்தது. விட்டுவிடலாமா என்று கிளெனிடம் கேட்டாள். உன் இஷ்டம், ஆனால் அந்தப் பெண்ணிடம் பேசாமல் விடாதே என்றான் அவன்.

இரண்டு வாரம் ரதி வரவில்லை. மூன்று செய்தி அனுப்பியும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் ஷெரிலைக் கிளெனிடம் விட்டுவிட்டு ஜெனவீவ் எட்டாங்கட்டைக்குப் போனாள். உடுப்புப் பையையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

தாயம்மா லயத்து வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேதான் இருக்கிறாள், ரெண்டு வாரமாக வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை, என்ன சண்டை உங்களுக்குள் என்று கேட்டார். தப்பு என்மேல்தான்மா என்றாள் ஜெனவீவ். தாயம்மா மேற்கொண்டு விசாரிக்காமல் இரண்டு குவளை மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காய்ந்திராத துணியை மறுபடி போய்ப் பார்த்தார்.

ரதி எதிரில் வந்து உட்கார்ந்தாள். மைலோவைத் தொடவில்லை. ஜெனவீவ் மன்னிப்புக் கேட்டாள். ஏன் வெள்ளை கட்டினாள், ஏன் சொல்லவில்லை, எல்லாம் சொன்னாள். ரதி அதையெல்லாம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பதினோரு தடவ தட்டுனீங்க. அதுல எத்தன நெஜம்?"

ஐந்து ஆறு என்று சொல்லிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஜெனவீவ் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு."

"எது ரெண்டு?"

"மழ பேஞ்சு கரண்ட் போச்சே, அன்னிக்கு முதுகுக்குப் பின்னால வந்து கழுத்தப் புடிச்சியே, அது. அப்புறம் கோச் ஜொகூருக்குப் போறதுக்கு முந்தின வியாழக்கெழம, முழங்கை."

"முழங்கைய நான் தப்பா புடிச்சேன்னு நெனச்சேன்."

"தப்பாத்தான் புடிச்ச. ஆனா வலிச்சுது."

ரதியின் உதடு லேசாக அசைந்தது. பிறகு அவள் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"மொத நாளு?"

"இல்ல, ரதி."

ரதி தலையை ஆட்டினாள். வெளியே ஆலைக்குப் போகும் லோரி ஒன்று பழக்குலைகளோடு உறுமிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவள் பேசினாள். ஆம்பிளைகள் தன்னை முட்டை மாதிரி பிடித்தபோதாவது, முட்டை மாதிரிதான் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தது. இங்கே அதுகூடத் தெரியாமல் போனது, அதுதான் ஆறவில்லை என்றாள். ஆலையில் தன்னோடு வேலை செய்கிற எல்லாரிடமும் தட்ட வைத்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்ததாகவும் சொன்னாள்.

ரதி எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

"உடுப்பு இருக்கா?"

"காடியில இருக்கு," என்று ஜெனவீவ் வாசலில் நின்ற காரைக் காட்டினாள்.

"வாங்க."

பகல் பதினொரு மணி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது. இருவருமே மின்விசிறியைப் போட மறந்துவிட்டார்கள். ரதி கைப்பேசியில் ஐந்து நிமிடம் வைத்தாள். ஒன்றையும் விடக்கூடாது என்றாள்.

ஜெனவீவ் விடவில்லை. முதல் நிமிடம் முடிவதற்குள் ரதியைப் புரட்டி, மார்புக்கு மேல் உட்கார்ந்து, காலரை நெருக்கினாள். ரதி தட்டினாள். எழுந்து மறுபடி கையைப் பிடித்தார்கள். இரண்டாவது முறை கால்களுக்கு நடுவே தலையையும் ஒரு கையையும் சேர்த்து அடைத்தாள். ரதி தட்டினாள். மூன்றாவது முறை முதுகில் ஏறினாள். அப்போதும் ரதி தட்டினாள். ரதிக்கு வியர்வையோடு கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை.

நான்காவது முறை அவள் கை ஜெனவீவின் பிடியில் நேராக நீண்டது. முழங்கைப் பூட்டு. இன்னும் ஒரு விரற்கடை இடுப்பை உயர்த்தினால் மூட்டு விலகிவிடும். ஜெனவீவ் காத்திருந்தாள். ரதி தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். ஜெனவீவ் கையை விட்டுவிட்டு விலகினாள்.

ரதி எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையை மற்ற கையால் பிடித்திருந்தாள்.

"பாத்தீங்களா. மறுபடியும் விட்டுட்டீங்க."

"நீ தட்டல."

"தட்ட மாட்டேன்."

"அப்ப விடத்தான் செய்வேன். நீ ஜெயிக்கணும்னு விட்டேன் பாரு, அது தப்பு. ஒங் கைய ஒடைக்காம விடுறது தப்பில்ல. போட்டியிலயும் நீ தட்டலன்னா நடுவர் வந்து நிறுத்துவாரு. அதுக்குள்ள ஒடஞ்சா ஆலையில எந்தக் கையால எண்ண எடுப்ப?"

கைப்பேசி மணியடித்தது. ரதி அதை அணைத்துவிட்டு இன்னொரு ஐந்து நிமிடம் வைத்தாள். இந்த முறை பூட்டு விழுந்ததும் தட்டினாள், சரியான நேரத்தில் தட்டினாள். மொத்தம் ஏழு முறை. கடைசியில் இருவரும் மெத்தையில் மல்லாக்கக் கிடந்தார்கள், பேச மூச்சில்லை. ஜெனவீவின் வயிற்றுத் தையல் இருந்த இடம் இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து ரதி, நான்காவது தடவை கை எப்படி மாட்டியது, அதற்கு முன்னால் தான் என்ன செய்தோம் என்று கேட்டாள். ஜெனவீவ் எழுந்து காட்டினாள். ரதி ஒவ்வொரு முறையும் எழும்புவதற்காக உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள், பிடி அங்கேதான் ஆரம்பமானது. அதை மட்டும் ஒருமணி நேரம் பார்த்தார்கள். தாயம்மா தேடிக்கொண்டு வந்து, சோறு ஆறுகிறது, ரெண்டு பேரும் சண்டை போட்டு முடித்தாயிற்றா என்று வாசலில் நின்று கேட்டார்.

மறுநாள் ரதியின் முழங்கை வீங்கியிருந்தது. மூன்று நாள் இடது கையாலேயே வேலை பார்த்தாள். ஆனால் வியாழக்கிழமை மண்டபத்தைத் திறந்தது அவள்தான். உள்ளே வந்த எல்லாரும் அவள் ஜெனவீவோடு ஜோடி சேருவதைப் பார்த்தார்கள். ரதி முன்பு மாதிரி கலகலப்பாக இல்லை. வடையும் கொண்டுவரவில்லை. பழக வந்தாள், சந்தேகம் கேட்டாள், தட்ட வேண்டிய இடத்தில் தட்டினாள். சில சமயம் ஜெனவீவ் தட்டும்போது, நிஜம்தானே என்று முகத்தை உற்றுப் பார்ப்பாள். அந்தப் பார்வை மறைய நாளாகும் என்று ஜெனவீவ் புரிந்துகொண்டாள். அதற்காக அவள் கோபப்படவில்லை.

ரதி வந்ததும் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார்கள். போட்டிக்கு முந்தின வாரம் சந்திரன் வந்து ஜெனவீவுக்கு எதிரில் தொப்பென்று உட்கார்ந்து, உன் காலுக்குள் மாட்டினால் என்னால் வெளியே வரவே முடியவில்லை, அது என்னவென்று காட்டு என்று கேட்டார். காட்டினாள். அன்று வகுப்பு முடிந்ததும் ரொட்டிக் கடையில் அவளுக்கும் சேர்த்து நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் போய் உட்கார்ந்தாள்.

போட்டிக்கு ரதி போனாள். ஜெனவீவும் சந்திரனும் புனிதனும் கூடப் போனார்கள். ரதியோடு மோதியவள் மலாக்காவிலிருந்து வந்திருந்த உயரமான பெண். முதல் நிமிடத்திலேயே ரதியைக் கீழே தள்ளி இரண்டு புள்ளி எடுத்தாள். ரதி போராடி அவளைப் புரட்டி இரண்டு எடுத்தாள். கடைசி நிமிடத்தில் மலாக்காக்காரி மறுபடி புரட்டினாள். நான்குக்கு இரண்டு. ஐந்து நிமிடமும் ரதி தட்டவில்லை. தட்டும்படியான பிடி எதிலும் மாட்டவில்லை. வெளியே வந்தவள் ஓரமாகப் போய் உட்கார்ந்து, தாயம்மாவைக் கூப்பிட்டு, தோற்றுவிட்டேன், அடி ஒன்றும் இல்லை, ராத்திரிக்குச் சோறு மட்டும் ஆக்கி வை என்று சொன்னாள்.

வரும் வழியில் மம்பாவில் சாப்பிட நிறுத்தினார்கள். உடுப்பைப் பிடித்துப் பிடித்து ரதியின் விரல்கள் மடங்கிப் போயிருந்தன, தே தம்ளரை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள்.

"மூணாவது நிமிஷம் அவ கழுத்து தொறந்து கெடந்துச்சுக்கா. பாத்தேன். போலாமா வேணாமான்னு யோசிச்சேன், மூடிட்டா."

"நானும் பாத்தேன்."

"அப்ப ஏன் கத்தல?"

"கத்துனேன். தொண்ட கட்டிப்போச்சு பாரு. ஒனக்குத்தான் கேக்கல."

சந்திரன், இவள் கத்தின கத்தலில் பக்கத்து மெத்தையில் மோதிக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டான், உனக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும் என்றார். எனக்கு என் மூச்சுத்தான் கேட்டது என்றாள் ரதி. அடுத்த முறை பேரைச் சொல்லிக் கத்தாமல் ஒரே ஒரு வார்த்தையைக் கத்த வேண்டும், அது என்ன வார்த்தை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம் என்றான் புனிதன். என்ன வார்த்தை என்பதில் நான்கு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. பேச்சு முடிவதாகத் தெரியாததால் சந்திரன் எல்லாருக்கும் இன்னொரு ரொட்டி சொன்னார்.